எந்தக் கவலைக்கு எந்த வினாத்தாள்? மனநலச் சுயசோதனையைத் தேர்ந்தெடுக்கும் முறை

சிங்கப்பூரில் மனநலம் பற்றிய பேச்சில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மனநலக் கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வு, பெரியவர்களில் 13.9 விழுக்காட்டினர், அதாவது ஏழில் ஒருவர், வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனநோய்க்கு ஆளாகியிருக்கிறார்கள் என்றது. சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு தேசிய மக்கள் சுகாதார ஆய்வோ 17 விழுக்காட்டினரின் மனநலம் குன்றியிருப்பதாகச் சொன்னது. 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடம் அது 25.3 விழுக்காடு. வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தால் 13.9, அண்மைய நிலையை மட்டும் கேட்டால் 17. இது எப்படிப் பொருந்தும்?

பொருந்தும், ஏனென்றால் இரண்டும் அளந்தது வேறு வேறு. முதல் ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் நேரில் உட்கார்ந்து, குறிப்பிட்ட சில நோய்களின் அறிகுறிகள், காலம், பாதிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இரண்டாவதில் பயன்பட்டது ஒரு குறுகிய வினாத்தாள். அது மனம் சுமக்கும் அழுத்தத்தைத் தொட்டுப் பார்க்கிறது, நோயின் பெயரைச் சொல்வதில்லை. நள்ளிரவில் கைத்தொலைபேசியில் இலவசச் சோதனை ஒன்றைச் செய்துவிட்டு, ‘எனக்கு மனச்சோர்வு நோய்’ என்று முடிவு கட்டுபவர் இந்த வேறுபாட்டில்தான் தடுக்கி விழுகிறார்.

சுயசோதனை என்பது என்ன

சமூக மன்றத்தில் சுகாதாரப் பரிசோதனை நடக்கும்போது விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். அளவு கூடியிருந்தால் ‘உங்களுக்கு நீரிழிவு’ என்று அங்கேயே மருந்து கொடுப்பதில்லை. மருத்துவரிடம் போய் முழுசாகப் பாருங்கள் என்று அனுப்புவார்கள். மனநலச் சுயசோதனையும் அந்த விரல்நுனிச் சோதனை மாதிரிதான். இதை முன்னறிதல் சோதனை என்று சொல்லலாம். நோயைப் பெயரிட்டு உறுதிசெய்வது நோய்கண்டறிதல். அதை மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோதான் செய்ய முடியும்.

சோதனையின் தரத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு சொற்கள் வரும்.

1. நம்பகம். ஒரே அரிசி மூட்டையை மூன்று முறை தராசில் வைத்தால் மூன்று முறையும் ஒரே எடை காட்ட வேண்டும். நிலை மாறாத ஒருவர் இன்றும் நாளையும் எழுதினால் மதிப்பெண் தாறுமாறாக மாறக் கூடாது.

2. ஏற்புடைமை. தராசு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதை வைத்து உயரத்தை அளக்க முடியாது. பதற்றத்தை அளக்கிறேன் என்று சொல்லும் சோதனை உண்மையில் பதற்றத்தைத்தான் அளக்கிறதா என்பது இது.

இணையத்தில் உலவும் பெரும்பாலான ‘உங்கள் மனம் எப்படிப்பட்டது’ ரகச் சோதனைகளுக்கு இவை இரண்டும் பார்க்கப்பட்டதே இல்லை. ஆனாலும் அவை சொல்வது நம்மைப் பற்றியே சொல்வது போல இருக்கும். 1948ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ‘உங்களுக்கான தனி முடிவு’ என்று எல்லாருக்கும் ஒரே வாசகத்தைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு, மாணவர்கள் சராசரியாக 5க்கு 4.26 மதிப்பெண் போட்டார்கள். வார ராசிபலன் பொருந்துவது போலத் தோன்றுவதும் இதனால்தான். அதனால், முடிவு பொருந்துகிற மாதிரி இருக்கிறது என்பது ஒரு சோதனை நல்லது என்பதற்குச் சான்று ஆகாது.

முதலில் கவலை, அப்புறம்தான் வினாத்தாள்

எந்தச் சோதனை என்று தேடும் முன் ஒரு தாளில் மூன்று பதில்களை எழுதிக்கொள்வது நல்லது.

1. எது தொந்தரவு செய்கிறது? ‘மனசு சரியில்லை’ என்பது தொடக்கம்தான். அதற்குள் என்ன இருக்கிறது? பிடித்த எதுவும் பிடிக்கவில்லையா, நடக்காததை எண்ணி நெஞ்சு அடித்துக்கொள்கிறதா, தூக்கம் வரவில்லையா, குடி கூடிவிட்டதா?

2. எவ்வளவு நாளாக? நேற்றிலிருந்தா, தீபாவளியிலிருந்தா, பள்ளிக் காலத்திலிருந்தா?

3. எதைக் கெடுக்கிறது? வேலையா, படிப்பா, வீட்டில் பேச்சுவார்த்தையா, குளிப்பது சாப்பிடுவது போன்ற அன்றாடக் காரியங்களா?

இரண்டாவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு சோதனையும் ஒரு கால எல்லைக்குள்தான் கேட்கிறது. சில கடந்த ஏழு நாளை, சில இரண்டு வாரத்தை, சில ஒரு மாதத்தை. நேற்று வேலை போனவர் இரண்டு வாரச் சோதனையை எழுதினால், வருகிற எண் அவருடைய நேற்றைய அதிர்ச்சியையே காட்டும்.

எந்தக் கவலைக்கு எது

*சோர்வு, எதிலும் நாட்டமின்மை.* உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படுவது பிஎச்கியூ-9. இதன் ஆய்வு 2001ல் வெளியானது. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 27. 5 முதல் இலேசான சோர்வு, 10 முதல் மிதமானது, 15 முதல் ஓரளவு கடுமையானது, 20 முதல் கடுமையானது என்று பிரிப்பார்கள். இது நல்ல சோதனை, ஆனால் ஒரு பலவீனம் உண்டு. தூக்கம், களைப்பு, பசி, கவனம் என்று நான்கு கேள்விகள் உடலோடு கலந்தவை. தைராய்டு குறை, இரத்தசோகை, சைவம் மட்டும் சாப்பிடுபவர்களிடம் வரக்கூடிய பி12 குறைபாடு, இரவு ஷிஃப்ட் வேலை என எதனாலும் அந்த நான்கில் மதிப்பெண் ஏறும். அதனால் மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல், எந்தக் கேள்விகளில் ஏறியது என்றும் பார்க்க வேண்டும். ‘நாட்டமில்லை’, ‘மனம் சோர்ந்திருக்கிறது’ என்ற முதல் இரண்டும் 0 ஆக இருந்து மற்றவை ஏறியிருந்தால், மருத்துவரிடம் முதலில் இரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்பது பொருத்தம்.

ஒன்பதாவது கேள்வி தனி. செத்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று அது கேட்கிறது. அதற்கு ‘சில நாள்’ என்று பதில் வந்தாலும், மொத்தம் 4தான் வந்தாலும், காத்திருக்கக் கூடாது. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணும், 2025ல் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771ம் 24 மணி நேரமும் இயங்குகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. தற்கொலை முயற்சி குற்றம், போலீஸ் வரும் என்று நம் வீடுகளில் இன்னமும் சொல்லிப் பயப்படுகிறார்கள். அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் அது குற்றமில்லை. இதை வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

*ஓயாத கவலை, படபடப்பு.* ஜிஏடி-7 என்பது 2006ல் வந்தது. ஏழு கேள்விகள், மொத்தம் 21. 10 அல்லது அதற்கு மேல் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். நெஞ்சு அடைப்பது, மூச்சு வாங்குவது மாதிரியான புகார் முதல் முறையாக வந்தால், குறிப்பாக நாற்பது வயதைத் தாண்டியவருக்கு, வினாத்தாளை எடுக்காமல் இதயத்தைப் பார்க்கப் போவதுதான் சரி.

*சோர்வா பதற்றமா அழுத்தமா என்றே தெரியவில்லை.* மூன்றையும் தனித்தனியாக அளப்பது டாஸ்-21. ஒவ்வொன்றுக்கும் ஏழு கேள்விகள், கடந்த ஒரு வாரம். இதில் ஒரு பொறி உண்டு. இது 42 கேள்விச் சோதனையின் சுருக்கம் என்பதால், வழக்கமான அட்டவணையோடு ஒப்பிடும் முன் ஒவ்வொரு கூட்டலையும் இரண்டால் பெருக்க வேண்டும். பல தளங்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. பெருக்காமல் பார்த்தால் கடுமையான நிலையும் இலேசானதாகவோ இயல்பானதாகவோ தெரியும். தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேட்கும் கேள்வியும் இதில் இல்லை.

*குழந்தை பெற்ற தாய்.* இவர்களுக்கு பிஎச்கியூ-9ஐ விட, 1987ல் உருவான எடின்பரோ வினாத்தாள் பொருத்தம். பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாள். பச்சைக் குழந்தையோடு இருப்பவருக்குத் தூக்கமும் இருக்காது, தெம்பும் இருக்காது. அதைக் கேட்டு என்ன பயன்? அதனால்தான் இந்த வினாத்தாள் உடல் களைப்பைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தன்னைத் தானே குறை சொல்கிறாரா என்று மனதைக் கேட்கிறது. இதிலும் பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

*முதியவர்கள்.* இதே காரணத்துக்காகத்தான் 15 கேள்வி முதியோர் மனச்சோர்வு அளவையும் உடல் வலிகளைக் கேட்பதில்லை. பதில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ மட்டும். 0 முதல் 3 வரை பிரித்துச் சொல்லச் சிரமப்படும் தாத்தா பாட்டிக்கு இது எளிது. ஞாபக மறதிதான் கவலை என்றால் இது உதவாது. அதற்கு நேரடிச் சோதனை வேண்டும், வீட்டில் செய்வது அல்ல.

*கவனச் சிதறல்.* இளைஞர்கள் இன்று அதிகம் தேடுவது இதைத்தான் என்று தோன்றுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏஎஸ்ஆர்எஸ் சோதனையில் முதல் ஆறு கேள்விகள்தான் சலித்தெடுப்பவை. அவற்றில் நான்கு குறிக்கப்பட்டால் மேற்கொண்டு பார்க்கலாம். ஆனால் ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாடு திடீரென்று 25 வயதில் முளைப்பதில்லை. 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்பது மருத்துவ வரையறை. தூக்கக் குறைவும் பதற்றமும் அச்சு அசலாக இதே போலக் காட்டும். தொடக்கப்பள்ளி அறிக்கைப் புத்தகங்களில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் வீட்டில் இருந்தால் அவற்றைத் தேடி எடுப்பது, இன்னொரு சோதனை எழுதுவதை விடப் பயனுள்ளது.

*குடி.* உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட், பத்துக் கேள்விகள், மொத்தம் 40. 8 அல்லது அதற்கு மேல் கவலைக்குரியது. இங்கே எண்ணிக்கையில்தான் தவறு நடக்கும். ஒரு நிலையளவு மது என்றால் சுமார் 10 கிராம் ஆல்கஹால். 330 மில்லி பீர் டின் 5 விழுக்காட்டுடையது என்றால் அதில் ஏறக்குறைய 13 கிராம். ஆக ‘மூணு டின்தான்’ என்பது நான்கு நிலையளவு. சூதாட்டத்துக்கு ஒன்பது கேள்வி அளவை ஒன்று உண்டு. அதை எழுதுவதோடு 1800-6-668-668 என்ற உதவி எண்ணையும் குறித்துக்கொள்ளலாம்.

*தூக்கம் மட்டும்.* ஐஎஸ்ஐ, ஏழு கேள்விகள். மொத்தம் 28க்கு 15 அல்லது மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்கலாம்.

*விபத்து, வன்முறை போன்ற ஒரு நிகழ்வுக்குப் பிறகு.* பிசிஎல்-5, இருபது கேள்விகள், கடந்த ஒரு மாதம். குறிப்பிட்ட நிகழ்வு ஒன்று இல்லையென்றால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை.

*வேலையில் எரிந்து கருகிப்போன உணர்வு.* உலகச் சுகாதார நிறுவனம் இதை நோயாகப் பட்டியலிடவில்லை, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்றுதான் வகைப்படுத்துகிறது. நோய் என்று தோன்றவில்லை, ஆனால் நன்றாகவும் இல்லை என்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் டபிள்யூஎச்ஓ-5 எளிய தொடக்கம். ஐந்து கேள்விகளும் நல்லதையே கேட்கின்றன: உற்சாகமாக இருந்தீர்களா, அமைதியாக இருந்தீர்களா என்று. கூட்டலை நான்கால் பெருக்கினால் 100க்கு மதிப்பெண். மற்றவற்றுக்கு நேர்மாறாக, இதில் குறைவாக வந்தால்தான் கவலை. 50 அல்லது அதற்குக் கீழ் என்றால் பிஎச்கியூ-9 எழுதிப் பார்க்கலாம்.

இந்த அளவைகளில் பலவும் பெரியவர்களுக்காக ஆனவை. பத்து வயதுப் பிள்ளையின் பதிலை பிஎச்கியூ-9ல் நிரப்பிப் பார்ப்பது தவறு. பிள்ளைகளுக்கு, பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பக்கூடிய 25 கேள்வி எஸ்டிகியூ போன்ற தனி வினாத்தாள்கள் உண்டு.

மதிப்பெண் எவ்வளவு சரி?

பிஎச்கியூ-9ன் மூல ஆய்வில், 10ஐ எல்லையாக வைத்தபோது, நோய் உள்ளவர்களில் 88 விழுக்காட்டினரை அது சரியாகப் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 88 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1. ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், அவர்களில் 100 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

2. அந்த 100ல் 88 பேருக்கு 10 அல்லது அதற்கு மேல் வரும். 12 பேர் தப்பிவிடுவார்கள்.

3. நோய் இல்லாத 900 பேரில் 12 விழுக்காடு, அதாவது 108 பேருக்கும் 10 அல்லது அதற்கு மேல் வந்துவிடும்.

4. ஆக, 10 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள் 196 பேர். அவர்களில் நோய் உள்ளவர்கள் 88 பேர்தான். பாதிக்கும் குறைவு.

இப்போது அதே சோதனையை, ஏற்கெனவே நாள்கணக்கில் சோர்ந்து கிடக்கும் 100 பேர் மட்டும் எழுதட்டும். அவர்களில் 50 பேருக்கு நோய் என்று வைத்தால், 44 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், 6 பேர் தவறாகச் சிக்குவார்கள். சோதனை அதேதான், கேள்வியும் அதேதான். எழுதியவர் யார் என்பதுதான் எண்ணின் பொருளை மாற்றிவிட்டது. கவலையை முதலில் எழுதுங்கள், அப்புறம் அதற்கான ஒரே ஒரு சோதனையைத் தேர்ந்தெடுங்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஒரு தளத்தில் உள்ள பன்னிரண்டு சோதனைகளையும் வரிசையாக எழுதினால், ஏதாவது ஒன்றில் சிவப்பு வரத்தான் செய்யும்.

தளத்தை எப்படி எடைபோடுவது

1. சோதனையின் பெயர் இருக்கிறதா? பெயர் இல்லாமல் ‘நிபுணர்கள் தயாரித்தது’ என்று மட்டும் இருந்தால் விட்டுவிடலாம்.

2. கால எல்லையும் மதிப்பெண் முறையும் வெளிப்படையாக இருக்கின்றனவா?

3. முடிவைப் பார்க்கக் காசு கேட்கிறதா? மேலே சொன்னவற்றில் பலவும் இலவசமாகக் கிடைப்பவை.

4. பதில்கள் எங்கே போகின்றன? அமெரிக்காவில் 2023ல், பெட்டர்ஹெல்ப் என்ற இணைய ஆலோசனை நிறுவனம், பயனாளர் நிரப்பிய மனநலக் கேள்விகள் பற்றிய விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றோடு பகிர்ந்ததாக எழுந்த வழக்கில் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. முடிந்தவரை பெயரும் மின்னஞ்சலும் கேட்காத இடத்தில் எழுதுவது நல்லது. சிங்கப்பூரில் 2020ல் தொடங்கிய மைண்ட்லைன் தளத்தில் பெயர் கொடுக்காமலே சுயமதிப்பீடு செய்யலாம்.

எந்த மொழியில் எழுதுவது

இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை, ஆனால் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். ஆங்கிலத்தில் வேலை பார்ப்பவர் ஆங்கிலத்தில் அழுவதில்லை. வினாத்தாளில் உள்ள சொல்லுக்கு அகராதிப் பொருள் தெரிந்தாலும், அது தன் வயிற்றுக்குள் நடப்பதைத்தான் குறிக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பதில் தடுமாறும். பிஎச்கியூ-9க்கும் எடின்பரோ வினாத்தாளுக்கும் முறையாகச் செய்த தமிழாக்கங்கள் உண்டு. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்ததைப் பயன்படுத்தினால் கேள்வியின் அர்த்தமே மாறிப்போகலாம், அப்போது எல்லை மதிப்பெண்ணும் பொருந்தாது.

மொழிபெயர்க்க யாரை உட்கார வைப்பது என்பதும் முக்கியம். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகள் ‘காரணமில்லாமல் அழுகிறீர்களா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றுதான் சொல்வார். அப்பாவுக்காகக் கேள்வியை வாசிக்கும் மகன், ‘உங்களுக்கு அப்படியெல்லாம் இல்லையே அப்பா’ என்று கேட்டுவிட்டால் அங்கேயே சோதனை முடிந்தது. வாசித்துக் காட்டுபவர் வார்த்தைக்கு வார்த்தை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பதிலைத் தாளில் குறிக்கும்போது தாளைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வது இன்னும் நல்லது.

தங்குவிடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தனிமையான இடமே கிடைப்பதில்லை. அவர்கள் வினாத்தாளைத் தேடுவதற்கு முன், அவர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் அமைப்பின் 24 மணி நேர எண்ணான 3129 5000ஐ அழைத்துப் பேசுவதே மேல் என்பது என் கருத்து.

எண் வந்த பிறகு

எல்லையைத் தாண்டாமல் இலேசாக ஏறியிருந்தால், இரண்டு வாரம் கழித்து அதே சோதனையை, அதே மொழியில் மறுபடி எழுதலாம். வேறு சோதனைக்குத் தாவினால் ஒப்பிட முடியாது. குறைவாக வந்தும் தொந்தரவு போகவில்லையா? தப்பிப்போகும் அந்த 12 பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். எண்ணை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எல்லையைத் தாண்டியிருந்தால் முதல் படி குடும்ப மருத்துவர் அல்லது பலதுறை மருந்தகம். நேராக மனநலக் கழகத்துக்கு ஓட வேண்டியதில்லை. 2030க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும், மேலும் 900 குடும்ப மருத்துவர் மருந்தகங்களிலும் மனநலச் சேவையைக் கொண்டுவருவது அரசின் திட்டம். மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் இருப்பதால், அதில் சேர்ந்த மருந்தகங்களில் சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு சாட் என்ற சேவை இலவசமாக, ரகசியமாக மதிப்பீடு செய்கிறது. மனநலக் கழகத்தின் 6389 2222 எண் நெருக்கடிக்கு 24 மணி நேரமும் உண்டு.

வேலை போய்விடுமோ என்ற பயமும் பலரைத் தடுக்கிறது. வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் மனநல வரலாற்றை எழுதிக் கொடுக்கச் சொல்வது 2020 முதல், அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிகளின்படி பாரபட்சம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும் மனநலத்தைப் பாதுகாக்கப்படும் அம்சங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது ‘எனக்கு 14 வந்தது’ என்று மட்டும் சொன்னால் பாதி விஷயம்தான் போய்ச் சேரும். நிரப்பிய வினாத்தாளையே, எழுதிய தேதியோடு எடுத்துப் போங்கள். எடுக்கும் மருந்துகளின் பெயரும், முதலில் எழுதி வைத்த அந்த மூன்று பதில்களும் அதே தாளின் பின்பக்கத்தில் இருக்கட்டும். பலதுறை மருந்தகத்தில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடம். பேச்சு வராமல் தொண்டை அடைத்துக்கொண்டால், அந்தத் தாளை மேசை மேல் வைத்தால் போதும். மீதியை அவர் கேட்பார்.